டீசல் விலை ஏறினால் பஸ்ஸை இலவசமாக விடலாமா?



"டீசல் விலை ஏறும்போதெல்லாம் நம்ம தலையிலதானே வந்து விழுது. அரசாங்கம் பஸ்ஸை சும்மா விட்டா என்ன?" தெமோதரையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் வாயில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு பக்கமும் பார்த்து ஒரு முடிவுக்கு வருவோம்.

2022இல் நடந்தது என்ன?

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் அதுவே 460 ரூபா. 2022 தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலை முதலாம் திகதி 40 ரூபாவானது. ஆகஸ்டில் 34 ரூபாவுக்கு இறங்கியது. ஆனால் நமது நாட்சம்பளம் அந்த வருடம் முழுவதும் 1000 ரூபாவிலேயே நின்றது.

ஒரு சின்னக் கணக்கு. சீசன் டிக்கட் செல்லாத தனியார் பஸ்ஸில் இரண்டு பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். ஜூலையில் ஆகக் குறைந்த கட்டணத்தில் போனாலும் ஒரு நாளைக்கு 160 ரூபா. கிழமைக்கு 800 ரூபா. ஒரு நாள் பேரில் முக்கால் பங்குக்கு மேல் பஸ்ஸுக்கே சரி. பதுளை வரை போவதென்றால் இன்னும் கூட. இந்த நிலையில் முதலில் நின்று போவது பிள்ளையின் படிப்புத்தான். அடுத்தது கிளினிக்.

இலவசம் வேண்டும் என்பவர்கள்

பஸ் ஒரு சௌகரியமல்ல, அவசியம் என்கிறார்கள் இவர்கள். விலையேற்றத்தை ஏழைகள் உண்டாக்கவில்லை. பெரியவர்கள் பஸ்ஸில் போனால் எரிபொருளும் மிச்சமாகும். லக்சம்பேர்க் நாடு 2020 மார்ச் முதல் எல்லோருக்கும் பஸ்ஸையும் ரயிலையும் இலவசமாக்கியது. 2022இல் எண்ணெய் விலை ஏறியபோது ஜேர்மனி மூன்று மாதங்களுக்கு, மாதம் 9 யூரோவுக்கு டிக்கட் கொடுத்தது.

கூடாது என்பவர்கள்

"சும்மா என்று உலகத்தில் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் காசு கட்டத்தான் வேண்டும்" என்கிறார்கள். இதுவும் உண்மை. கடையில் சவர்க்காரம் வாங்கும்போது நாமும் வரி கட்டுகிறோம். எல்லோருக்கும் இலவசம் என்றால் அந்தப் பணம் எங்கே போகும்? பஸ் நிறைய ஓடும் இடத்துக்குத்தான். கொழும்பில் தினமும் நாலு பஸ் ஏறுபவருக்கு லாபம் அதிகம். லயத்திலிருந்து மலைக்கு நடந்தே வேலைக்குப் போகிற நமக்குக் குறைவு.

இன்னொன்று. 2022இல் கட்டணம் மட்டுமா பிரச்சினை? டீசலே இல்லாமல் பஸ்கள் நின்றன. பாடசாலைகள் மூடிக் கிடந்தன. ஜூலை கடைசியில் திறந்தபோதும் கிழமைக்கு மூன்று நாள்தான். ஓடாத பஸ்ஸில் இலவசம் இருந்து என்ன பயன்?

மலைநாடு கற்ற பாடம்

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. செலவை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் நம்மவர்கள் பலர் இங்கிருந்து போய்க் குடியேறிய நீலகிரி போன்ற மலைப் பகுதிகளுக்கும் இது விரிவுபடுத்தப்படும் என்ற அறிவிப்பு 2024இல்தான் வந்தது.

இலங்கையிலும் இதே கதைதான். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களில். சட்டத்தில் இலவசம் இருந்தது, நமது பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பஸ் விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

நாம் கேட்க வேண்டியது

எல்லோருக்கும் எப்போதும் இலவசம் என்பதை விட, நமக்குப் பயன்படுவதைக் கேட்பது நல்லது.

1. முதலில் பஸ். வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்கு அரசு மானியத்தில் ஓடும் 'கெமி செரிய' என்ற சேவை இருக்கிறது. தோட்டப் பாதைக்கும் அது வேண்டும்.

2. மாணவருக்கு 'சிசு செரிய' பஸ், பள்ளிக்கூட நேரத்துக்கு வர வேண்டும். சீசன் டிக்கட் உள்ள பிள்ளையை ஏற்றாமல் போகக் கூடாது.

3. எரிபொருள் விலை ஏறும் காலத்தில் மாணவர், கர்ப்பிணித் தாய்மார், கிளினிக் போகும் முதியவர் ஆகியோருக்கு இலவசம். ஏற்றிச் செல்லும் பஸ்காரருக்கு அந்தக் காசை அரசு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் பஸ்ஸை நிறுத்தாமலே போய்விடுவார்.

வாயால் சொன்னால் காற்றோடு போகும். எந்த டிவிஷனில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதுங்கள். கிளினிக் நாட்களையும் குறியுங்கள். கையெழுத்திட்டு பிரதேச செயலகத்துக்கும், இ.போ.ச. டிப்போவுக்கும், மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் கொடுங்கள். ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள்.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் பேசிப் பாருங்கள்

- பஸ் செலவால் அல்லது பஸ் இல்லாததால் நமது லயத்தில் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது?
- கட்டணம் குறைவது, நேரத்துக்கு பஸ் வருவது: ஒன்றைத்தான் பெறலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்? ஏன்?