காவல் இழந்த உயிரணு

மனித உடலில் ஓய்வின்றி உழைக்கும் உறுப்புகளுள் சிறுநீரகங்கள் சிறந்தவை. முதுகெலும்பின் இரு மருங்கிலும் அவரை விதை வடிவில் அமைந்துள்ள இவை, ஒருவரது கைப்பிடி அளவே உடையன. எனினும், இவை இரண்டும் சேர்ந்து நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடித்தெடுக்கின்றன. அதில் வேண்டுவனவற்றையெல்லாம் குருதிக்கே மீட்டளித்து, ஒன்றரை லிட்டர் அளவினை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இத்துணை அரும்பணி ஆற்றும் உறுப்பினையும் புற்றுநோய் பற்றுவதுண்டு. அந்நோயின் வேரை அறிஞர் பலர் தேடிக் கண்ட வரலாறு, ஒரு நூற்றாண்டுக் கால உழைப்பின் வரலாறாகும்.

உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. உயிரணுவினுள் குரோமோசோம்கள் 23 இணைகளாக அமைந்துள்ளன. அவற்றில் மரபணுக்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு மரபணுவும் பெரும்பாலும் இரு படிகளாக அமையும். ஒன்று தந்தை வழி வந்தது, மற்றொன்று தாய் வழி வந்தது. சில மரபணுக்கள் உயிரணுவை வளருமாறு ஏவும். வேறு சில, வளர்ச்சி எல்லை மீறாதவாறு தடுத்துக் காக்கும். இக்காவல் மரபணுக்கள் கெடுவதும் புற்றுநோய்க்கு ஒரு வாயிலாகும்.

இவ்வுண்மையை நோக்கிய முதற்படி சிறுநீரகத்தில் அன்று, கண்ணில் தொடங்கியது வியப்பிற்குரியது. செருமானிய நாட்டுக் கண் மருத்துவர் வான் ஹிப்பெல் என்பார், 1904ஆம் ஆண்டில், விழித்திரையில் இரத்தக் குழாய்கள் செறிந்து கட்டியாகும் ஓர் அரிய நோயை விளக்கி எழுதினார். 1926இல் சுவீடன் நாட்டு அறிஞர் லிண்டாவ், அத்தகைய கட்டிகள் சிறுமூளையிலும் தோன்றுவதைக் கண்டு, இரண்டும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்று காட்டினார். இந்நோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அக்குடும்பத்தினர் பலர்க்குச் சிறுநீரகப் புற்றும் உண்டாயிற்று. பெற்றோருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவும் அதனைப் பெறுவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. தம் மக்களுள் எவர்க்கு நோய் வரும், எவர்க்கு வாராது என்று அறியாமல் பெற்றோர் அஞ்சி வாழ்ந்தனர்.

1971இல் அமெரிக்க அறிஞர் நட்சன், குழந்தைகளின் கண்ணில் தோன்றும் ஒருவகைப் புற்றினை ஆராய்ந்து, காவல் மரபணுவின் இரு படிகளும் கெட்டால்தான் அந்நோய் தோன்றும் என்னும் கருத்தை வெளியிட்டார். பரம்பரை நோயுடையார்க்குப் பிறவியிலேயே ஒரு படி கெட்டிருக்கும். எஞ்சிய ஒன்று கெட்டாலே போதும். ஆதலின், அவர்களுக்கு நோய் இளமையிலேயே, பல இடங்களில் வருகிறது. பிறர்க்கோ, ஒரே உயிரணுவில் இரண்டும் கெடவேண்டும். சிறுநீரகப் புற்றுக்கும் இவ்விளக்கம் பொருந்திற்று. பல குடும்பங்களின் துணையோடு ஆராய்ந்த அறிஞர்கள், 1993இல் மூன்றாம் குரோமோசோமின் குறுங்கையில் அம்மரபணுவைக் கண்டறிந்தனர். அது வான் ஹிப்பெல்–லிண்டாவ் மரபணு எனப் பெயர் பெற்றது. பரம்பரைத் தொடர்பு இல்லாதாரிடத்துத் தோன்றும் சிறுநீரகப் புற்றுகளிலும், பெரும்பாலானவற்றில் அதே மரபணு கெட்டிருப்பது பின்னர்ப் புலனாயிற்று.

அம்மரபணு ஆற்றும் காவல் யாது? நோயாளரின் கட்டிகளில் இரத்தக் குழாய்கள் மிகுந்திருந்தன; சிலர்க்குக் குருதியில் சிவப்பணுக்களும் அளவிற்கு மேல் பெருகியிருந்தன. இவை இரண்டும் உயிர்வளி குறைந்த காலத்தில் உடல் மேற்கொள்ளும் முயற்சிகள் அல்லவா? அமெரிக்க அறிஞர்களான செமென்சாவும் கேலினும், இங்கிலாந்து அறிஞர் ராட்கிளிஃபும் இதன் மறைபொருளை விளக்கினர். உயிரணுவில் ஹிஃப் என்னும் ஒரு புரதம் உண்டு. உயிர்வளி போதிய அளவு உள்ளபோது, அவ்வளியே அப்புரதத்தின்மேல் ஓர் அடையாளம் இடப்பெறுவதற்குத் துணையாகிறது. காவல் மரபணு தரும் புரதம் அவ்வடையாளத்தைக் கண்டு ஹிஃபைப் பற்றி அழிவிற்கு அனுப்புகிறது. உயிர்வளி குறைந்தால் அடையாளம் இடப்பெறாது. ஹிஃப் அழியாது நின்று, உயிரணுவின் செயல்முறைகளை மாற்றும். இவ்வுண்மைகளைக் கண்டமைக்காக அம்மூவர்க்கும் 2019இல் மருத்துவ இயலுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

பஞ்சம் வந்த காலத்தில் பறையறைந்து ஊராரை எழுப்பிக் களஞ்சியங்களைத் திறக்கவும் புதுக் கால்வாய்கள் வெட்டவும் செய்வது முறையே. ஆனால், மழை பெய்து ஏரி நிரம்பிய பின்னரும் பறையை நிறுத்துவார் இல்லையாயின் என்னாகும்? காவல் இழந்த உயிரணுவின் நிலை அதுவே. உயிர்வளி நிறைந்திருந்தும் ஹிஃப் அழிவதில்லை. புதிய இரத்தக் குழாய்கள் தழைக்கின்றன. உயிரணு சர்க்கரையை அளவின்றி உறிஞ்சுகிறது. உயிர்வளியைக் கொண்டு எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஏறத்தாழ 30 பங்கு ஆற்றல் தரும். இவ்வுயிரணுவோ, பெரும்பகுதிச் சர்க்கரையை அவ்வாறு எரிக்காமல், 2 பங்கு ஆற்றல் மட்டும் தரும் வழியில் நொதிக்கச் செய்கிறது. கொழுப்பையும் செலவிடாது சேர்த்து வைக்கிறது. ஆய்விற்காகப் பதப்படுத்தும்போது அக்கொழுப்பு கரைந்து போதலால், நுண்ணோக்கியில் இவ்வுயிரணுக்கள் உள்ளீடற்றவைபோல் தெளிந்து தோன்றும். ஆகவே, இந்நோய் தெளியணுப் புற்று எனப்படுகிறது. சிறுநீரகப் புற்றுகளுள் நான்கில் மூன்று பங்கு ஏறத்தாழ இவ்வகையே. எனினும், இம்மரபணு ஒன்று கெட்ட அளவில் புற்று முற்றிவிடுவதில்லை. மூன்றாம் குரோமோசோமின் குறுங்கை முழுதும் இழக்கப்படும்போது, அங்குள்ள வேறு சில காவல் மரபணுக்களும் உடன் குன்றுகின்றன. அவற்றின் எஞ்சிய படிகளும் கெடுந்தோறும் நோய் வலுப்பெறுகிறது.

வேரை அறிந்தமையால் மருத்துவமும் வழி கண்டது. இரத்தக் குழாய்கள் தழைப்பதைத் தடுக்கும் மருந்துகள் 2005ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்குப் பயன்பட்டு வருகின்றன. ஹிஃப் வகையுள் ஒன்றனையே நேரே தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்னும் மருந்துக்கு, அமெரிக்க நாட்டில் 2021இல் பரம்பரை நோயுடையார்க்கென இசைவு அளிக்கப்பெற்றது. அது நோயை அடியோடு ஒழிப்பதன்று. ஆயினும், பலரது கட்டிகளைச் சுருங்கச் செய்து, அடுத்தடுத்து அறுவை செய்யும் துன்பத்தைத் தள்ளிப்போட உதவுகிறது.

மருந்தினும் முந்திய நன்மை ஒன்று உண்டு. இன்று நோயுள்ள குடும்பத்தில் பிறந்த மகவின் குருதியைச் சோதித்து, அது கெட்ட மரபணுவைப் பெற்றுள்ளதா என அறியலாம். பெறாதவர் அச்சம் நீங்கி வாழ்வர். பெற்றவரோ, ஆண்டுதோறும் சோதனை செய்துகொண்டு, கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டு, சிறுநீரகத்தைக் காத்துக்கொள்வர். பிறரும் இந்நோய்க்குத் துணைசெய்யும் புகைபிடித்தல், மிகு உடற்பருமன், குருதி அழுத்த மிகுதி ஆகியவற்றினின்று தம்மைக் காத்துக்கொள்ளுதல் நன்று.

கண் மருத்துவர் ஒருவர் 1904இல் எழுதிவைத்த குறிப்பு, அவர் எண்ணிப் பார்த்திராத உறுப்பின் நோய்க்கு மருந்து காண உதவியது. பயன் யாது என அறியாத காலத்தும் உண்மையைக் கூர்ந்து நோக்கிப் பிழையறப் பதிவு செய்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.