கேட்போர் கலை
மட்டாஞ்சேரிப் பாடகர் உம்பாயியும் அவர்தம் சுவைஞரும்

பாடுதல் ஒரு கலை என்பதை எல்லோரும் ஒப்புவர். கேட்டலும் ஒரு கலையே என்று சொன்னால் சிலர் நகைப்பர். காது படைத்தோர் எல்லோரும் கேட்கின்றனரே, இதில் கலை எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் உரிய இலக்கணத்தை இளங்கோவடிகள் வரிசையாகக் கூறுகின்றார். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவும் தருகின்றார். தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கும் முறையைக்கூட அவர் விடவில்லை. ஆயினும் அரங்கின் எதிரே அமர்ந்திருப்போர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதற்கு அங்கே தனி இலக்கணம் இல்லை. ஏட்டில் காணாத அவ்விலக்கணத்தை வாழ்க்கையில் காணக்கூடிய ஊர் ஒன்று பழைய சேரநாட்டுக் கடற்கரையிலேயே இருக்கின்றது. அதுவே கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி.

ஊரும் மக்களும்

மட்டாஞ்சேரி பல மொழிகள் கூடி வாழும் ஊர். 1568இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக் கூடம் இங்குள்ளது. குசராத்தி வணிகர், கொங்கணி மக்கள், கட்ச் நாட்டு மேமன்கள், தக்னி உருது பேசும் முசுலிம்கள் எனப் பலரும் தத்தம் மொழியோடு இங்கே வந்து தங்கினர். அண்மையிலுள்ள கோட்டைக் கொச்சியின் துறையில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ புதிய துறைமுகத்தை உருவாக்கிய பின், மூட்டை சுமப்போரும் படகு செலுத்துவோரும் இவ்வட்டாரத்தில் மேலும் பெருகினர்.

பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் ஒரு வீட்டு மாடியிலோ கடையின் பின்கட்டிலோ கூடுவர். ஓர் ஆர்மோனியம், ஓர் இணைத் தபலா, ஒரு பாடகர் இருந்தாற் போதும். இத்தகைய இசைக்கூட்டத்தை மெஹ்பில் என்பர். இங்கு உயர்ந்த மேடை இல்லை. பாடுபவரும் கேட்பவரும் ஒரே பாயில் அமர்வர். இருவர்க்கும் இடையே ஒரு முழத் தொலைவே இருக்கும்.

கஜல் என்பது யாது?

மெஹ்பிலின் உயிர் கஜல். அரபு மொழியில் தோன்றிப் பாரசீகத்தில் வளர்ந்து உருதுவில் தழைத்த பாவகை இது. இரண்டிரண்டு அடிகளாக அமையும். ஒவ்வோர் ஈரடியும் தனித்து நின்றே பொருள் தரும். முதல் ஈரடியில் இரண்டு அடிகளின் இறுதியிலும், பின்வரும் ஒவ்வோர் ஈரடியில் இரண்டாம் அடியின் இறுதியிலும் ஒரே சொல்லோ தொடரோ மீண்டும் மீண்டும் வரும். இதனை ரதீஃப் என்பர். அதற்கு முன்னுள்ள சொற்கள் ஓசையால் ஒன்றும். இது காஃபியா எனப்படும். நம் யாப்பில் அடியின் இறுதி ஒன்றி வருவதை இயைபு என்கிறோமன்றோ? அதன் உறவினராக இவ்விரண்டையும் கருதலாம்.

இறுதி ஈரடியில் கவிஞர் தம் பெயரைப் பொதிந்து வைப்பது மரபு. இது நமக்குப் புதிதன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் தம் பெயரைக் கூறுகின்றார். தியாகராசர் தம் கீர்த்தனைகளில் முத்திரை வைக்கின்றார். நிலம் வேறாயினும் நெஞ்சம் ஒன்றே.

பாடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பாடகர் ஈரடியின் முதல் அடியைப் பல விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவார். பொருள் எங்கே முடியும் என்று கேட்போர் ஏங்குவர். இரண்டாம் அடியின் இறுதிச் சொல் வந்து விழுந்தவுடன் கூட்டம் "வாஹ்!" என்று முழங்கும். அம்முழக்கத்தோடு தபலா விரைந்து ஒலிக்கும். கேட்போர் அந்த இடத்தில் வாளா இருந்தால் பாட்டின் ஓர் உறுப்பே குறைந்துவிடும். ஆகவே கஜல் அரங்கில் கேட்போரும் ஒரு பக்கவாத்தியம் என்றே கூறலாம்.

முன்னவர் மெஹ்பூப்

உம்பாயியை அறியுமுன் மெஹ்பூப்பை அறிதல் வேண்டும். 1926இல் கொச்சியில் தக்னி முசுலிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையில் படைவீரர் முகாம்களில் பாடிப் பழகினார். 1951இல் வெளிவந்த 'ஜீவித நௌகா' என்னும் மலையாளப் படத்தில் பாடிப் புகழ் பெற்றார். அப்படத்தை இயக்கியவர் கே. வேம்பு. அதன் தமிழ் வடிவம் 'பிச்சைக்காரி'. இந்திப் பாடல்களின் மெட்டை அப்படியே எடுத்து மலையாளச் சொற்களை இட்டு நிரப்பிய காலம் அது. மெஹ்பூப்பும் அவ்வாறே பாடினார். 1954இல் 'நீலக்குயில்' வந்தது. கே. ராகவன் அதில் மண்ணின் மெட்டுகளை அமைத்தார். அப்புதிய நெறியிலும் மெஹ்பூப்பின் குரல் ஒலித்தது. கடன் வாங்கிய மெட்டையும் சொந்த மெட்டையும் ஒரே தொண்டையில் ஏற்றவர் அவர்.

ஆனால் அவர் உள்ளம் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டவில்லை. கொச்சியின் திருமண வீடுகளும் மெஹ்பில்களுமே அவருக்கு உகந்த இடங்கள். படவுலகம் அழைத்தபோதும் அவர் ஊரையும் நண்பரையும் நாடியே திரும்பினார். இதனால் நேர்ந்தது என்ன? அவர் மெஹ்பில்களில் பாடியவற்றுள் பெரும்பகுதி இசைத்தட்டில் ஏறவில்லை. 1981இல் அவர் மறைந்தபோது அப்பாடல்களுக்குச் சுவைஞரின் நினைவைத் தவிர வேறு உறைவிடம் இல்லை. பின்னர் அவர் பெயரால் ஓர் இசைக்குழு தோன்றி, அப்பாடல்களை அரங்கில் மீண்டும் பாடியது. கேட்டவர்கள் காத்தார்கள். அதனால் பாட்டு பிழைத்தது.

உம்பாயியின் சோதனை

மெஹ்பூப்புக்குத் தபலா வாசித்த இளைஞருள் ஒருவர் பி. ஏ. இப்ராகிம். அவரே பிற்காலத்தில் உம்பாயி என்று புகழ் பெற்றவர். பம்பாய் சென்று உஸ்தாத் முஜாவர் அலிகானிடம் இசை பயின்று, மீண்டும் கொச்சிக்கே வந்தார். உருது கஜல்களைப் பாடியதோடு அவர் நிற்கவில்லை. மலையாளத்திலும் கஜல் பாடலாம் என்று துணிந்தார். இன்று இது எளிதாகத் தோன்றும். அன்று அது பெருஞ்சோதனை. உருதுச் சொற்களின் குழைவு மலையாளத்தில் வருமா என்று ஐயுற்றோர் பலர்.

உம்பாயி கவிஞர்களை நாடினார். 'பிரணாமம்' என்னும் தொகுப்பு வந்தது. ஓ. என். வி. குறுப்பின் பாடல்களால் 'பாடுக சைகால் பாடூ' அமைந்தது. கே. சச்சிதானந்தனின் கவிதைகள் 'அகலே மௌனம் போலே' என்னும் தொகுப்பாயின. இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் வெளிவந்தன. ஒலிநாடாக்கள் கேரளத்தின் ஊர்தோறும் பரவின. கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் சென்றன. சைகால் என்னும் பெயர் நமக்கும் உறவுடையதே. வடநாட்டுப் பாடகராகிய கே. எல். சைகால், 1930களில் வந்த 'தேவதாஸ்' படத்தின் தமிழ் வடிவுக்காகத் தமிழிலும் பாடியவர்.

ஆர்மோனியத்தை முன்வைத்து, விரைவு காட்டாது, சொல்லைச் சொல்லாக நிறுத்திப் பாடுவது உம்பாயியின் முறை. 2018 ஆகத்து 1ஆம் நாள் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய வழக்கு மட்டும் சுவைஞரிடையே ஓயவில்லை.

சுவைஞர் வழக்குகள்

உம்பாயியின் பாட்டைப் பற்றிய பேச்சில் மூன்று வினாக்கள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் வினா: மலையாள கஜல் உண்மையில் கஜல்தானா? ரதீஃபும் காஃபியாவும் முறையாக அமையாதவற்றைக் கஜல் என்னலாகாது. அவை மெல்லிசைப் பாடல்களே என்பர் ஒரு சாரார். பாவின் இலக்கணம் தளர்ந்தாலும், பாடும் நெறியும் கேட்கும் நெறியும் கஜலுக்கு உரியனவாக இருப்பின் அது கஜலே என்பர் மறு சாரார். இரு பக்கமும் நியாயம் உண்டு. தமிழிலும் இவ்வினா உண்டு. கவிக்கோ அப்துல் ரகுமான் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' என்னும் நூலில் தமிழ்க் கஜல்களை எழுதினார். அவை பெரிதும் படிக்கப்பட்டன, பாடப்பட்டதோ குறைவு. மலையாளத்தில் பாடகர் முன்னே சென்றார், இலக்கண ஆராய்ச்சி பின்னே வந்தது. தமிழில் கவிஞர் முன்னே சென்றார், பாடகர் இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை. எழுதப்பட்ட கஜலைக் கூட்டம் ஏற்றால்தான் அதற்கு இசைவாழ்வு உண்டு என்பதை இவ்வேற்றுமை காட்டுகின்றது.

இரண்டாம் வினா: ஒலிநாடா சிறந்ததா, மெஹ்பில் சிறந்ததா? ஒலிநாடாவில் பிசிறு இல்லை. குழலும் வயலினும் அளவாகச் சேரும். ஆனால் காலம் அளந்து வைக்கப்பட்டது. பாட்டு ஏழெட்டு மணித்துளிக்குள் முடிந்தாக வேண்டும். மெஹ்பிலில் அதே பாட்டு கூட்டத்தின் மனநிலைக்கேற்ப நீளும். ஓரடி பத்து முறை திரும்பும். நடுவே வேறொரு கவிஞரின் ஈரடி வந்து நுழையும். ஒலிநாடாவை மட்டும் கேட்டவர் பாட்டை அறிவார். மெஹ்பிலில் கேட்டவர் பாட்டு எவ்வாறு பிறக்கின்றது என்பதையும் அறிவார். ஆயினும் மெஹ்பூப்பின் கதையை மறத்தலாகாது. மெஹ்பில் எத்துணை உயர்ந்ததாயினும் விடிந்ததும் கலைந்துவிடும். உம்பாயியின் குரல் இன்று நம்மிடம் இருப்பது ஒலிநாடா செய்த நன்மையால். ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை.

மூன்றாம் வினா: பிறர் பாடிய பழம்பாடலைத் தம் போக்கில் மாற்றிப் பாடலாமா? உம்பாயி பழைய திரைப்பாடல்களையும், 1978இல் மறைந்த கோழிக்கோட்டு இசையமைப்பாளர் பாபுராசின் பாடல்களையும் கஜல் நடையில் பாடுவார். மூலத்தின் விரைவும் வடிவும் கெடுகின்றன என்று வருந்துவோர் உண்டு. திரையில் காட்சிக்குக் கட்டுப்பட்டிருந்த சொல் இங்கே விடுதலை பெறுகின்றது என்று மகிழ்வோரும் உண்டு. இதற்கு உரைகல் ஒன்று கூறலாம். மாற்றிப் பாடியதைக் கேட்டபின் மூலத்தின் சொல் ஒன்று முன்னிலும் ஆழமாக விளங்கிற்றா? விளங்கினால் மாற்றம் தகும். விளங்காவிடின் அது வெறும் அணியே.

பிற நாட்டு எடுத்துக்காட்டு

இவ்வினாக்கள் மட்டாஞ்சேரிக்கு மட்டும் உரியன அல்ல. வடகடல் நாடாகிய ஐஸ்லாந்தில் பிறந்த பாடகி பியோர்க் என்பாரைப் பற்றியும் அவர் சுவைஞர் இவ்வாறே வழக்காடுகின்றனர். 2004இல் வெளிவந்த 'மெடுல்லா' என்னும் தொகுப்பை அவர் பெரும்பாலும் மனிதக் குரல்களைக் கொண்டே அமைத்தார். அதே பாடகியின் பாடல்கள் அரங்கில் வேறு கருவிகளோடு வேறு உருவம் பெறும். எது உண்மையான பாட்டு, பதிவானதா அரங்கில் ஒலித்ததா என்னும் கேள்வி அங்கும் எழுகின்றது. சோதனை செய்யும் கலைஞர் எங்கிருப்பினும், அவரைச் சுற்றி வாதிடும் சுவைஞர் கூட்டம் ஒன்று வேண்டும். அக்கூட்டம் இல்லையேல் சோதனை வெறும் விந்தையாய் முடியும்.

நமக்குரிய பாடம்

மாணவ நண்பர்களே! ஒரு பாடகரைப் புகழ்வதும் இகழ்வதும் எளிது. இரண்டும் கேட்போர் கலை ஆகா. பாட்டின் வடிவம் யாது, எந்த மரபை ஏற்றது, எதை மாற்றியது, அம்மாற்றத்தால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று வினவுவதே அக்கலையின் தொடக்கம். பதிவைக் கேட்டவர் அரங்குக்கும் செல்லுதல் வேண்டும். அரங்கில் கேட்டவர் நாளும் இடமும் பாட்டும் குறித்து வைத்தல் வேண்டும். உடன் கேட்டவரோடு மாறுபட்டுப் பேசவும் அஞ்சலாகாது.

நம் ஊர்களிலும் திருமண வீட்டிலும் திருவிழாவிலும் பாடி மறைவோர் பலர் உளர். அவர்கள் பாட்டு எந்தத் தட்டிலும் ஏறியிராது. இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவர் கைப்பேசியிலும் இருக்கின்றது. மெஹ்பூப்பின் காலத்துச் சுவைஞருக்கு நினைவு ஒன்றே துணை. நமக்கு நினைவும் உண்டு, கருவியும் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்வோர், பாடுவோரின் இசைவு பெற்று ஒரு பாடலையேனும் பதிவு செய்து வருவாராக. அவற்றைக் கூடிக் கேட்போம். கேட்டதைப் பற்றி வழக்காடுவோம்.