தாழ்த்திய பீட்டில், தட்டும் சக்கரம்: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பால் ஜாயிண்ட் வைத்த பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில். யாரோ முன்பக்கத்தைத் தாழ்த்தி விற்றிருக்கிறார்கள். திருப்பத்தில் பள்ளம் வந்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. டை ராட் பாடியில் தட்டிய தடமும் படத்தில் தெரிகிறது. மட்கார்டு விளிம்பை வெட்டிவிட்டால் போதும் என்று வண்டிக்காரர் சொல்கிறாராம். வெட்டட்டுமா என்று கேட்கிறாய்.

இப்போது வெட்டாதே. எது, எதை, எந்த நிலையில் தொடுகிறது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே உலோகத்தில் கை வைக்க வேண்டும். டயர் உரசினால் டயர் தேயும், பெயின்ட் போகும். டை ராட் தட்டினால் வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போகலாம். இரண்டும் ஒரே பட்டியலில் வரக்கூடிய குறைகள் அல்ல. ஸ்டியரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சோதனையை இப்படிச் செய். வண்டியை நல்ல ஸ்டாண்டுகளில் நிறுத்து. ஷாக் அப்சார்பரைக் கழற்று. பீமில் அட்ஜஸ்டர் இருந்தால் அதை அடிவரை தளர்த்து. பிறகு ஜாக்கியால் சக்கரத்தை அது போகக்கூடிய மேல் எல்லைவரை தூக்கு. நேராக ஒருமுறை, இடது கோடி லாக்கில் ஒருமுறை, வலது கோடி லாக்கில் ஒருமுறை இடைவெளியை அளந்து எழுதிக்கொள். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலும் இதே மூன்று அளவுகளை எடு. கண்ணுக்கு எட்டாத இடத்தில் களிமண் உருண்டையை ஒட்டிவிட்டுத் திருப்பிப் பார். நசுங்கிய மண்ணின் கனம்தான் உன் இடைவெளி. பிரேக் ஹோஸையும் ஒவ்வொரு நிலையிலும் கவனி. லாக்கில் டயரோடு உரசும் ஹோஸ் நாள்பட அறுந்துபோகும்.

அடுத்து, வண்டியை எந்த வழியில் தாழ்த்தியிருக்கிறார்கள் என்று பார். பீட்டிலின் முன் பீம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்ளே முறுக்குப் பட்டைகள். பின்னோக்கி நீளும் கைகளின் முனையில் ஸ்பிண்டில். 1965 மாடல் வரை கிங் பின், 1966 மாடலிலிருந்து பால் ஜாயிண்ட். 1302, 1303 மாடல்களில் ஸ்ட்ரட் இருப்பதால் நான் இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது. பீம் வண்டியைத் தாழ்த்தப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். அட்ஜஸ்டர் வைத்துப் பட்டைகளின் கோணத்தை மாற்றலாம். அல்லது சக்கர அச்சு மேலே ஏறியிருக்கும் டிராப் ஸ்பிண்டிலை மாட்டலாம்.

அட்ஜஸ்டரால் தாழ்த்தினால் கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் தூரம் குறையும். பழைய நீள ஷாக் சீக்கிரம் அடி தட்டும் என்பதால் குட்டை ஷாக் வேண்டும். டிராப் ஸ்பிண்டில் ஏறக்குறைய 6 செ.மீ. தாழ்த்தினாலும் கைகளும் டை ராடும் பழைய கோணத்திலேயே நிற்கும். அதனால் எனக்கு அதுதான் பிடித்த வழி. ஆனால் பல டிராப் ஸ்பிண்டில்கள், முக்கியமாக டிஸ்க் பிரேக்கோடு வருபவை, சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே தள்ளும். மட்கார்டு விளிம்பில் டயர் பிடிப்பதற்கு அடிக்கடி இதுவே காரணம். ஸ்பேசர் இருக்கிறதா, ரிம்மின் ஆஃப்செட் மாறியிருக்கிறதா என்றும் பார். 2 அங்குலம் குறுக்கிய பீம் போட்டால் சக்கரம் பக்கத்துக்கு 25 மி.மீ. உள்ளே வரும். அப்போது விளிம்பு தப்பிக்கும். லாக்கில் டயரின் உள்தோள் எதையாவது தொடுகிறதா என்று மறுபடி அளக்க வேண்டும்.

டயர் மாற்றுவது சுலபமான மருந்து. 165/80 ஆர் 15 டயரின் விட்டம் 645 மி.மீ.; 145/65 ஆர் 15 டயருக்கு 570 மி.மீ. விட்ட வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 37 மி.மீ., மட்கார்டுக்கு இடமாகக் கிடைக்கும். ஆனால் வண்டியும் அதே அளவு தரையை நெருங்கும். பீட்டிலின் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து ஓடுவதால் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 53 தான். டயரின் சுமைக் குறியீட்டைப் பார்க்காமல் சின்ன டயர் வாங்காதே.

இனி ஸ்டியரிங். சக்கரம் ஏறக்குறைய நேர்க்கோட்டில் மேலே கீழே போகிறது. டை ராட் வளைவில் ஆடுகிறது. ராடு படுக்கையாக இருந்தால் இந்த முரண்பாடு சிறியது. 300 மி.மீ. நீள ராடு என்று வைத்துக்கொள். படுக்கையாக இருக்கும்போது வெளிமுனை 50 மி.மீ. ஏறினால், பக்கவாட்டில் சுமார் 4 மி.மீ. தான் உள்ளே இழுபடும். தாழ்த்தியதால் அந்த முனை ஏற்கெனவே 60 மி.மீ. உயர்ந்து நின்றால், அதே 50 மி.மீ. ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட 15 மி.மீ. இழுபடும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை அசைக்காமலே வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். இதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறோம். பாடியில் ராடு தட்டுவதும் இதே சாய்வின் விளைவு. பாடியை மட்டும் வெட்டினால் சத்தம் நிற்கும். இழுப்பு அப்படியே இருக்கும்.

ஆகவே ராடைப் படுக்கைக்குக் கொண்டு வா. உயரத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார். போதாவிட்டால் அட்ஜஸ்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய் டிராப் ஸ்பிண்டில் போடு. இல்லையேல் ராடு முனையை ஸ்பிண்டில் கையின் மறுபக்கத்துக்கு மாற்றும் கிட் போடு. அந்தத் துளை கூம்பு வடிவம். சாதா டிரில்லால் பெரிதாக்கினால் முனை உட்காராது. சரியான ரீமர், சரியான கூம்பு ஸ்லீவ், புது நட், பின் ஆகியவை இருந்தால் மட்டும் செய். இவ்வளவும் செய்த பிறகும் தட்டினால், அந்த இடத்தில் மட்டும் பாடியைத் திறந்து, வளைவான தகடு வைத்து முழுதாக வெல்டு செய்து மூடு. டை ராடைச் சூடாக்கி வளைக்காதே, வெட்டி ஒட்டாதே. குறுக்கிய பீமுக்குக் குட்டை ராடு வேண்டுமென்றால் அந்த அளவிலேயே தயாரானதை வாங்கு. ஸ்டியரிங் பாக்ஸை மையக் குறியில் நிறுத்திவிட்டு இரு ராடுகளையும் சரிசெய். ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக்கு. பாக்ஸை மையம் விட்டு நகர்த்தாதே.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பீட்டிலின் வீல்பேஸ் 2,400 மி.மீ. முன்பக்கத்தை மட்டும் 60 மி.மீ. இறக்கினால் வண்டி முழுவதும் ஏறக்குறைய 1.4 டிகிரி முன்னால் சாயும். காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, அதே அளவு குறையும். அதன் மொத்தமே 3 டிகிரியை ஒட்டித்தான். நெடுஞ்சாலையில் வண்டி அலைவதற்கு இது போதும். பீமின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் காஸ்டர் ஷிம் வைத்தால் திரும்பக் கிடைக்கும். சக்கரம் சில மி.மீ. முன்னே நகரும், மறுபடி அள. பின்பக்கத்தையும் இறக்கச் சொன்னால், டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 என்பதை நினைவில் வை. ஒன்றை ஒரு பல் முன்னும் மற்றதை ஒரு பல் பின்னும் வைத்தால் 0.8 டிகிரி அளவுக்கு நுணுக்கமாக இறக்கலாம். ஸ்விங் ஆக்ஸில் வண்டியில் பின்பக்கம் இறங்க இறங்கச் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்துகொண்டே போகும். அதற்கும் எல்லை உண்டு.

வண்டிக்காரரிடம் இதையும் மறைக்காமல் சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு தனிப் பதிவு உண்டு. சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடையாது. பாடியில் நீ வைக்கும் ஒரு வெட்டு அந்தப் பதிவையே அவருக்கு இல்லாமல் ஆக்கலாம். மாட்டிக் கழற்றக்கூடிய பாகங்களால் தீரும் குறையை வெட்டித் தீர்க்காதே என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடித்ததும் நான்கு பேரை உட்காரவைத்து ஓட்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; நம் தெருக்களில் இருப்பவை அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பீட்டிலுக்குத் தரை இடைவெளி முதலிலேயே 15 செ.மீ. அளவுதான். பீமோ வேறெதுவுமோ தரை தட்டினால் உயரத்தை ஏற்று. திரும்பி வந்ததும் டோ-இன் பார், லாக் நட்டுகளை இறுக்கு, களிமண்ணை மறுபடி ஒட்டி அளந்து பார்.

2003-இல் மெக்சிகோவின் புவெப்லாவில் உற்பத்தி நின்றபோது பீட்டில்களின் எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இனி ஒன்றுகூடப் புதிதாக வராது. உன் கைக்கு வந்ததைக் கெடுக்காமல் திருப்பிக் கொடுப்பது உன் பொறுப்பு. தாழ்வாக நிற்கும் பீட்டில் அழகுதான், நானும் விரும்புகிறேன். ஆனால் முழு லாக்கிலும் முழு அழுத்தத்திலும் ஸ்டியரிங் எதையும் தொடாமல் திரும்பும்வரை அந்த வண்டியின் சாவியை உரிமையாளரிடம் கொடுக்காதே. அவர் அவசரப்படுத்தினாலும் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்