ஐயப் பொருளும் ஆகாயவிமானமும்

வன்னி நிலத்து உழவர் விதைநெல் வாங்குங்கால் மூட்டையின் புறத்தே எழுதிய பெயரை மட்டும் நம்பார். ஒரு கையள்ளி ஊதிப் பார்த்து, பதர் எத்துணை என்றறிந்த பின்னரே விலை பேசுவர். வயலில் நேரும் பிழை ஒரு போகத்தை அழிக்கும். வானில் நேரும் பிழையோ உயிரை அழிக்கும். ஆதலின், விமானத் தொழிலார் ஐயத்துக்குரிய பொருள்களை எங்ஙனம் ஆள்கின்றனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1989 செப்டெம்பர் 8ஆம் நாள், ஒஸ்லோவிலிருந்து ஹம்பர்க் நோக்கிச் சென்ற கொன்வெயர் 580 விமானம் டென்மார்க்குக்கு வடக்கே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வாலின் நிமிர்ந்த துடுப்பைப் பிணைத்த முளைகளுட் சில, வேண்டிய வன்மையற்ற போலிகள் என ஆய்ந்தோர் கண்டனர்.

பொருள் போலியாதல் ஒருவகை. பத்திரம் போலியாதல் மற்றொருவகை. நாசா 2009இலும் 2011இலும் ஏவிய இரு செய்ம்மதிகள், உந்துகலத்தின் உறைமூடி கழலாமையாற் பாழாயின; நட்டம் 70 கோடி டொலருக்கு மேல். அலுமினியம் வழங்கிய நிறுவனம் சோதனை முடிவுகளைப் பல்லாண்டு பொய்யாக எழுதியமை பின்னர் வெளிப்பட்டது. 2023இல், லண்டன் வணிக நிறுவனமொன்று பொய்ப் பத்திரங்களோடு விற்ற உறுப்புகள் பல நாட்டு விமான இயந்திரங்களிற் புகுந்தமை தெரியவந்தது.

இவற்றைத் தடுக்கும் முறை யாது? முதலாவது, பொருளின் தொகுதி எண்ணும் பத்திரத்தின் எண்ணும் ஒத்துள்ளனவா எனப் பார்த்தல். ஐயம் பிறப்பின், அப்பொருளைச் சீட்டுக் கட்டித் தனியறையிற் பூட்டல். அடுத்து, பத்திரத்தில் ஒப்பமிட்டதாகக் காணப்படும் நிறுவனத்தையே நேரில் வினவலும், உலோகத்தின் வன்மையையும் கலவையையும் சோதித்தலும். பின்னர், அத்தொகுதியில் முன்னரே பொருத்தப்பட்டவை எவையெனப் பதிவேட்டிற் தேடி, உரிய அதிகாரிகட்கு அறிவித்தல். ஈற்றில், தகாதன எனத் துணிந்தவற்றை வெட்டிச் சிதைத்தல். முழுதாக எறியின், அவை வேறொரு சந்தையில் மீண்டும் விலையாகும்.

இவை யாவினும் அரியது ஒன்றுண்டு. புறப்படும் நேரம் நெருங்க, மேலோர் விரைவுபடுத்த, களஞ்சியத்து இளையோன் ஒருவன் ‘எமக்கு ஐயமுண்டு’ என வாய் திறத்தல் எளிதன்று. அவன் சொல்லுக்கு மதிப்பளிக்கும் இடத்திலேயே மேற்கூறிய முறைகள் பயன் தரும். வள்ளுவர் தம் நூலின் 51ஆம் அதிகாரத்திற்குத் ‘தெரிந்து தெளிதல்’ எனப் பெயரிட்டார். தெரிதல் முந்தியது, தெளிதல் பிந்தியது என்னும் ஒழுங்கு மனிதருக்கேயன்றி மரையாணிக்கும் பொருந்தும்.

மாணவன் செய்யாத பயிற்சிக்குச் செய்தானென யாம் விரைவில் ஒப்பமிட்ட நாள்களும் உண்டு. அவையும் பொய்ப் பத்திரங்களே என்பதை இன்று உணர்கின்றோம். எம் கல்லூரியினின்று புறப்படும் இளைஞர் விமானம் பழுதுபார்ப்பினும், உழவு இயந்திரம் திருத்தினும், நோயாளிக்கு மருந்து அளப்பினும், தாம் காணாத ஒன்றுக்குக் கையொப்பம் இடாதிருப்பாராக. அக்கையொப்பத்தை நம்பி ஏறியமர்வோர் முகம் அறியாதோராயினும், அவரும் ஒரு வீட்டின் மக்களே.