ஜும்ஆ பயான்: சூதாட்ட மிஷினும் "இன்னும் ஒரு தடவை" என்ற எண்ணமும்





சென்ற மாதம் ஒருநாள் இஷா தொழுகை முடிந்த பிறகும் ஒருவர் பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தார். மோதினார் விளக்கை அணைக்க வந்தும் எழவில்லை. நம்முடைய கடற்கரைப் பகுதிக்காரர், சபுராளி. பதினோரு வருடமாக சிங்கப்பூரில் வேலை செய்கிறார். மூத்த மகளின் குமர் காரியத்துக்கென்று சேர்த்த பணம் போய்விட்டது. மனைவியின் நகையும் அடகுக் கடையில் இருக்கிறது. எல்லாம் ஸ்லாட் என்று சொல்லப்படும் ஜாக்பாட் விளையாட்டில் போனது. அங்கே தொடங்கிய பழக்கம், ஊருக்கு வந்த பிறகு கைப்பேசியில் தொடர்ந்திருக்கிறது.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு மறக்கவில்லை. "ஹஜ்ரத், ரெண்டு ஏழு வந்து நின்னுடுச்சு. மூணாவது ஏழு கோட்டுக்கு ஒரு நூல் மேல போய் நின்னுச்சு. அது மட்டும் வந்திருந்தா எல்லாக் கடனும் தீர்ந்திருக்கும்."

அறந்தாங்கி பஸ்ஸை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் பேசுவது போலப் பேசினார். பஸ்ஸை ஒரு நிமிடத்தில் தவறவிட்டால், நாளைக்கு ஒரு நிமிடம் முன்னால் கிளம்பலாம். அது நியாயமான கணக்கு. அந்த மூன்றாவது ஏழு அப்படிப்பட்டதா? இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சூது ஹராம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஹராம் என்று தெரிந்தவரே ஏன் எழுந்து வர முடியாமல் தவிக்கிறார் என்பதைத்தான் நாம் விளங்கிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

1890களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்பவர் மூன்று உருளைகள் சுழலும் மிஷின் ஒன்றைச் செய்தார். அது முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும். உருளையில் எத்தனை படங்கள் இருந்தனவோ, அவ்வளவுதான் வாய்ப்பு. கவனமாகப் பார்ப்பவன் ஓரளவு எண்ணிவிடலாம். 1984ல் இங்கே டெல்னஸ் என்பவர் வாங்கிய காப்புரிமை இதைத் தலைகீழாக மாற்றியது. இப்போது முடிவைச் சொல்வது கம்ப்யூட்டர். கண்ணுக்குத் தெரியும் உருளையில் இருபத்திச் சொச்சம் இடங்கள்தான் இருக்கும். உள்ளே கம்ப்யூட்டரின் கணக்கிலோ அறுபது, நூறு என்று இடங்கள் இருக்கும். பெரிய பரிசுக்கான படத்துக்கு அதில் ஒரே ஒரு இடம். அந்தப் படத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள வெற்று இடங்களுக்குப் பல இடங்கள். ஆகவே மூன்றாவது ஏழு கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்பது அடிக்கடி நடக்கும். கோட்டின் மேல் நிற்பது மிக மிக அரிது. அது நெருங்கி வரவே இல்லை சகோதரர்களே! நெருங்கி வந்தது போலத் தெரியும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது? 2009ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளார்க் என்பவரும் அவரது குழுவினரும் ஆட்டக்காரர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தவறிய ஆட்டத்திலும், ஜெயிக்கும்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளில் சில தூண்டப்பட்டன. தவறியது மனதுக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை கூடுகிறது. தோல்வியே அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பாக மாறுகிறது. ஷைத்தானின் வேலையை இதைவிடத் தெளிவாக யாரும் படம் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, தோல்வியை வெற்றியாகக் காட்டும் வித்தை. பழைய மிஷினில் ஒரு கோடுதான். இப்போது ஒரே சுழற்சியில் இருபது கோடுகளில் பணம் கட்டலாம். கோட்டுக்கு ஒரு ரூபாய் என்று இருபது ரூபாய் கட்டுகிறீர்கள். ஏதோ ஒரு கோட்டில் ஆறு ரூபாய் விழுகிறது. உடனே மணி அடிக்கும், இசை வரும், திரை முழுக்கத் தங்கக் காசு கொட்டும். உண்மையில் நடந்தது என்ன? பதினான்கு ரூபாய் போய்விட்டது. மீன் ஏலத்தில் இருபதாயிரத்துக்கு எடுத்ததை ஆறாயிரத்துக்கு விற்றுவிட்டு வந்தவனுக்கு யாராவது மேளம் அடிப்பார்களா? இங்கே அடிக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2010ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட பொய் வெற்றி வரும்போதும், உண்மையாக ஜெயித்தவனுக்கு வரும் அதே பரபரப்பு ஆட்டக்காரனின் உடலில் வருகிறது.

பிறகு அந்தப் பொத்தான். சில மிஷின்களில் சுழலும் உருளையை நாமே நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. "சரியான நேரத்தில் அழுத்தினால் விழும், கை பழக வேண்டும்" என்று அவரும் என்னிடம் சொன்னார். கம்ப்யூட்டர் உள்ளே ஓயாமல் எண்களைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே முடிவு எடுக்கப்பட்டுவிடும். பிறகு நீங்கள் நிறுத்தினாலும் ஒன்றுதான், தானாக நின்றாலும் ஒன்றுதான். ஆனால் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டால், இது என் திறமை என்று மனிதன் நம்பிவிடுகிறான். எத்தனை கோடு, எவ்வளவு பணம், எப்போது நிறுத்துவது எல்லாமே அவன் "தேர்வு". பல மிஷின்களில் அதிகபட்சத் தொகையைக் கட்டினால்தான் பெரிய பரிசுக்கே தகுதி என்று வைத்திருப்பார்கள். பத்து ரூபாயோடு நிறுத்திக்கொள்வோம் என்று உட்கார்ந்தவன், பரிசு விழும் நேரத்தில் குறைவாகக் கட்டியிருந்தால் என்ன செய்வது என்று பயந்து நூறு கட்டுகிறான். அந்த நூறை அவனா தேர்ந்தெடுத்தான்?

எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், ஆனால் எப்போதாவது கிடைத்துக்கொண்டிருந்தால், உயிரினம் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் இதைப் புறாக்களை வைத்துக் காட்டினார். தானியம் கிடைக்கும் என்று அந்தப் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். புறாவுக்காவது வயிறு நிரம்பியது. நம் ஆளுக்கு அதுவும் இல்லை.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். ஒரு மிஷின் கட்டிய பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய்தானே நஷ்டம் என்று தோன்றும். நிமிடத்துக்குப் பத்து சுழற்சி, சுழற்சிக்கு இருபது ரூபாய். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சுழல்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு, ஆயிரத்து இருநூறு ரூபாய், சராசரியாக மணிக்கு மணி போய்க்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஃபஜ்ரு பாங்கு வரை ஆடினால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபஜ்ரு போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது மார்க்கத்துக்கு வருவோம்.

ஜாஹிலிய்யா காலத்து அரபுகள் ஆடிய மைஸிர் எப்படி இருந்தது என்பதை முஃபஸ்ஸிர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுப்பார்கள். பையில் பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு, மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு விழுந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர்கள் இறைச்சியைத் தாங்கள் சாப்பிடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசுவார்கள். இதைக் கவனியுங்கள். பத்தில் ஏழு வெற்றி, எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, இறைச்சி ஏழைக்கு. இன்றைய ஸ்லாட்டோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ நேர்மையான ஆட்டம்! சூதில் மனிதர்களுக்குச் சில பலன்களும் உண்டு, ஆனால் அதன் பாவம் பலனைவிடப் பெரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் சொல்வது இந்தப் பின்னணியில்தான். அந்த ஆட்டத்தையே அல்லாஹ் விடவில்லை.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் வரும் கட்டளையைப் பாருங்கள். அளவாக ஆடுங்கள் என்றில்லை, விலகிக்கொள்ளுங்கள் என்று வருகிறது. பகைமையும், அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதும்தான் ஷைத்தானின் நோக்கம் என்று காரணமும் சொல்லப்படுகிறது. விலகு என்ற சொல்லின் அர்த்தம் அந்த மிஷினைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு இன்னும் தெளிவானது. உட்கார்ந்த பிறகு மனிதனுடைய தேர்வு ஒவ்வொன்றையும் வேறு ஒருவன் ஏற்கெனவே வடிவமைத்துவிட்டான். உட்காருவதற்கு முன்னால் உள்ள ஒரு தேர்வு மட்டும்தான் முழுக்க அவனுடையது.

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. வா, சூதாடுவோம் என்று கூட்டாளியைக் கூப்பிட்டாலே ஸதகா கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆடவில்லை, கூப்பிட்டதற்கே பரிகாரம்! "இந்த ஆப்பை நண்பருக்கு அனுப்புங்கள், போனஸ் பெறுங்கள்" என்று வருகிறதே, அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் தம்பிகள் இதை யோசிக்கட்டும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றி ஆராய 2022ல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஸ்லாட்டுக்கு அந்த வாதத்தைக்கூட யாரும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இருந்தும் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளங்கள் கைப்பேசிக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒன்றை மூடினால் வேறு பெயரில் ஒன்று.

சபுரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு ஆபத்து. சிங்கப்பூரில் 2010ல் இரண்டு கேசினோக்கள் திறக்கப்பட்டன. அந்த நாட்டு மக்கள் கெட்டுவிடக் கூடாது என்று குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாள் நுழைவுக் கட்டணமாக 100 வெள்ளி வைத்தார்கள், 2019ல் அதை 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலி போட்டுக்கொண்டார்கள். கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைக்கும் மணமேல்குடிப் பிள்ளைக்கும் வேலி போடுவது நம் வேலை. என்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே எழுதிக் கொடுக்கும் வசதி அங்கே வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. போன் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

அன்று இரவு அவரிடம் நான் பாவம், தண்டனை என்று நீளமாக எதுவும் பேசவில்லை. அது அவருக்கே தெரியும், அழுதுகொண்டிருந்தார். அந்த மூன்றாவது ஏழு எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது வரவே வராதா ஹஜ்ரத்?" என்று கேட்டார். வந்தாலும் உங்களுக்கு அது ஹலால் இல்லை, வராதபோது வருவது போலக் காட்டுவதுதான் அவன் தொழில் என்றேன்.

மறுநாள் மூன்று காரியங்கள் செய்தோம். மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி மச்சான் கைக்குப் போனது. கடன்கள் அனைத்தையும், யாருக்கு எவ்வளவு என்று, ஒரே தாளில் எழுதினோம். தவணைக் கடன் செயலிகள் மட்டும் நான்கு இருந்தன. தூக்கம் வராமல், தப்பான எண்ணங்கள் வருவதாகச் சொன்னதால், அரசின் டெலி மானஸ் எண் 14416க்கும் பேச வைத்தோம். மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பது ஈமானில் குறைவு இல்லை.

பாவத்துக்காகப் பட்ட கடனுக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று ஜமாஅத்தில் கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அவர் உண்மையாகத் தவ்பா செய்திருந்தால் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல். பணத்தை அவர் கையில் தராமல், நகைக்கடன் இருக்கும் இடத்திலேயே கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இங்கே இருப்பவர்களில் இன்னும் சிலர் இந்த நிலையில் இருக்கலாம். பெயரைக் கேட்க மாட்டோம், வெளியே சொல்ல மாட்டோம். ஜும்ஆ முடிந்து அஸர் வரை நானும் ஜமாஅத் தலைவரும் பள்ளியின் மேற்குப் பக்க அறையில் இருப்போம். வருபவர்கள் கடன் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.