ஜானபத லோகா: முதல் முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கர்நாடகக் கிராமங்களில் புழங்கிய பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் எச்.எல். நாகேகவுடா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1979-இல் கர்நாடக ஜானபத பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தப் பரிஷத் 15 ஏக்கரில் எழுப்பிய திறந்தவெளி அருங்காட்சியகம்தான் ஜானபத லோகா. சுவீடனில் 1891-இலேயே ஸ்கேன்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இப்படித் தொடங்கியது. நமக்கு இது பக்கத்திலேயே இருக்கிறது.

1. போய்ச் சேருவது

பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ராமநகரத்துக்கும் சென்னபட்டணத்துக்கும் இடையே, பழைய மைசூர் சாலையில் இருக்கிறது. புதிய விரைவுச்சாலையிலேயே போனால் இந்த ஊர்களைச் சுற்றிக்கொண்டு அருங்காட்சியகத்தைத் தாண்டிவிடுவீர்கள். ரயிலில் ராமநகரத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், பாதிக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டும்.

2. பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். திருகைக்கு முன்னால் நின்றால் நமக்குத் தெரிவது இரண்டு வட்டக் கற்கள்தான். கேழ்வரகு அரைத்த பாட்டிக்குத்தான் அதன் சூட்சுமம் தெரியும்: குழியில் பிடி பிடியாகத்தான் போட வேண்டும், கூடுதலாகப் போட்டால் மாவு நொய்யாக விழும், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றினால் தோள் வலிக்காது. உரல், செக்கு, ஏர், கொல்லன் துருத்தி எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கை வேலையை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

3. நடுகல்லைப் படிக்கும் முறை

சிற்பங்கள் இருக்கும் பகுதியில் பலர் நிற்பதே இல்லை. நீங்கள் நில்லுங்கள். மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல்லான வீரக்கல்லைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் அடியில் சண்டை நடக்கும். பல வீரர்கள் ஊர் மாடுகளை மீட்கப்போய் மாண்டவர்கள். நடுவில் தேவமகளிர் மாண்ட வீரனைத் தூக்கிச் செல்வார்கள். உச்சியில் லிங்கத்தின் முன் அமர்ந்திருப்பான். வளையல் அணிந்த கை ஒன்று தூணிலிருந்து நீண்டிருந்தால், அது உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு நட்ட மாஸ்திக்கல்.

4. குழந்தைகளோடு போனால்

வளாகத்துக்குள் இருக்கும் லோக மகால் என்ற காட்சிக்கூடத்தில் தொடங்குங்கள். தோல்பாவைகளையும் முகமூடிகளையும் பார்த்துவிட்டால் கேள்விகள் தானாக வரும்.

5. திரும்பும் முன்

நேரம் இருந்தால் சென்னபட்டணம் வரை போய்வாருங்கள். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்கிறார்கள். பட்டறையிலேயே கேட்டு வாங்குங்கள்; காசு செய்தவர் கைக்கே போகும்.