காலிப் பெட்டியும் காவற் கடமையும்

கேள்வி: வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளை வாங்கி விற்றுப் பிழைக்கிறேன். சென்னையில் ஒரு வர்த்தகக் கண்காட்சியில் கடை எடுத்திருந்தேன். தீ அபாயத்தைக் காரணம் காட்டி, கடைக்குப் பின்னால் எதையும் வைக்கவிடாமல், 12 காலி மரப்பெட்டிகளையும் மிகுதிச் சரக்கிருந்த 4 பெட்டிகளையும் நடத்துநர்களே கட்டணம் பெற்றுத் தங்கள் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். கடைசி நாளில் 5 காலிப் பெட்டிகளையும் ஒரு சரக்குப் பெட்டியையும் காணோம். ரசீதின் பின்புறத்தில், "பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். மீந்த பொம்மைகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததில் பல உடைந்தன. எனக்குப் பரிகாரம் உண்டா?
- வாசகர், பனித்திட்டு

பதில்: தங்கள் கடிதத்தில் முக்கியமான சொல் 'பூட்டினார்கள்' என்பதே. இடத்தை மட்டும் வாடகைக்குத் தந்து, சாவி தங்களிடமே இருந்திருக்குமானால், காவற் பொறுப்பும் பெரும்பாலும் தங்களையே சார்ந்திருக்கும். அவ்வாறன்றிப் பொருளைத் தம் வசம் ஏற்றுச் சாவியையும் அவர்களே வைத்துக்கொண்டமையால், இது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு கூறும் ஒப்படைப்பு ஆகிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவன், அதே அளவும் தரமும் மதிப்புமுள்ள தன் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையோடு காப்பானோ, அவ்வளவு ஜாக்கிரதையைப் பிறர் பொருளிடத்தும் காட்டவேண்டும் என்பது 151-ஆம் பிரிவின் கட்டளை. அவ்வாறு காத்தோம் என்று நிரூபிக்கும் பாரம் பொருளை ஏற்றவரையே சாரும் என்பதும் நீதிமன்றங்கள் பலமுறை வலியுறுத்திய நியாயம்.

அச்சிட்ட வாசகத்தைக் கண்டு தாங்கள் தைரியம் இழக்கவேண்டாம். ஒப்பந்தத்தால் இக்கடமையைக் குறைக்க இயலுமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே அபிப்பிராய பேதம் உண்டெனினும், முன்கூட்டித் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவராத ஷரத்து தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிக்க இடமுண்டு. சலவைக்குக் கொடுத்த புடவை தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவிகிதமே தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனையை, பொதுநலனுக்கு மாறானது என்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிய வழக்கு, 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

காலிப் பெட்டிதானே என்று எதிர்த்தரப்பு அலட்சியமாகப் பேசக்கூடும். ஆனால் சுடுமண் பொம்மை பத்திரமாக ஊர் திரும்புவதற்கு அந்தப் பெட்டியே ஆதாரம். அதன் பொருட்டே பெட்டிகள் காக்கப்பட்டன என்பது நடத்துநர்களுக்குத் தெரிந்திருந்ததாகக் காட்டினால், உடைந்தவற்றின் நஷ்டத்தையும் 73-ஆம் பிரிவின்கீழ்க் கோரலாம். எனினும் சென்னையில் மாற்றுப் பெட்டிக்குத் தாங்கள் முயன்றீர்களா என்ற கேள்விக்கு விடை சொல்லத் தயாராக இருங்கள், ஏனெனில் தடுத்திருக்கக்கூடிய நஷ்டத்தைச் சட்டம் ஈடுசெய்யாது.

முதலில், கொள்முதல் பில்களின் நகலோடும் உடைந்தவற்றின் புகைப்படங்களோடும், பொருளையோ அதன் மதிப்பையோ கோரிப் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். மறுத்தால் 3 ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று நிறுவ முடிந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சென்னைக்கு அலையாமல், தாங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வாணிப நோக்கம் என்ற ஆட்சேபத்தை எதிர்பார்த்தே செல்லவேண்டும்.

அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்புறத்தில் அவர்கள் எதை மறுத்திருந்தாலும், தங்கள் பொருளை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு அதன் முன்புறமே முதற்சாட்சி.